மூணு தரம் கூப்பிடணும்

செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்பித் தரவேண்டும் என்று ஆள் வந்து கூப்பிட்டபோது கார்குழலி ஒன்றும் யோசிக்கவில்லை. அதுதானே அவள் பிழைப்பு. காலடிப்பேட்டையில் அவள் வேலை பார்த்த சர்வீஸ் கடைக்குப் பிணங்கள் வராத வாரமே கிடையாது. கரப்பான் குடித்தனம் வைத்த பெட்டி, டீ குடித்த கீபோர்டு, மணலி லாரி ஆபீசிலிருந்து கரிப்புகை தின்றுவிட்டு வந்த மானிட்டர் என்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே எழுப்பிவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் வேலை சுத்தம்.

இந்தப் பெட்டி காசிமேட்டில், ஏழு தெரு விசைப்படகுக்காரர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் இருந்தது. கடலுக்குப் போன படகுகள் கரையோடு பேசுவது இந்த அறை வழியாகத்தான். படகிலிருந்து 'காசிமேடு' என்று குரல் வந்தால், வயர்லெஸ் செட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த கம்ப்யூட்டர் அதைப் பதிந்துகொள்ளும். மணி அடித்து ஆளைக் கூப்பிடும். ஆள் டீ குடிக்கப் போயிருந்தால் 'கேக்குது, சொல்லு' என்று தானே பதிலும் சொல்லும். அது வேலப்பனின் குரல். வேலப்பன் ஒரு காலத்தில் கப்பலில் ரேடியோக்காரராக இருந்தவர். இந்த ஏற்பாடு மொத்தத்தையும் யாரிடமும் யோசனை கேட்காமல் தானே எழுதி உண்டாக்கியவர். தை மாதம் ஒரு நாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போன கொஞ்ச நாளில் பெட்டியும் படுத்துவிட்டது. பாஸ்வேர்டு அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டது.

கார்குழலி பெட்டியைத் திறந்து பார்த்தாள். உப்புக்காற்று உள்ளே இருந்த பலகையை வெற்றிலை மாதிரி மென்று துப்பியிருந்தது. உயிர் இருந்தது ஹார்டு டிஸ்கில் மட்டும்தான். அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், அதில் இருந்தது அத்தனையையும் அப்படியே நகல் எடுத்து, புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் விர்ச்சுவல் மிஷினாக ஏற்றிக் கொண்டுவந்து, வயர்லெஸ் செட்டோடு பழையபடி கட்டினாள்.

"அப்டீன்னா இன்னாம்மா?" என்று சங்கத்துச் செயலாளர் ரகுபதி கேட்டார். நல்ல மனிதர், ஆனால் புது வயரைப் பார்த்தாலே வியர்த்துவிடும்.

"பழைய மிஷினுக்கு ஒடம்பு பூட்ச்சுண்ணே. உசிர மட்டும் எட்த்து இந்தப் புது மிஷினுக்குள்ள வெச்சிகீறேன். உள்ள கீற பழசுக்கு ஒடம்பு மாறனதே தெரியாது. இன்னும் பழைய பெட்டிலயே கீறதா நெனச்சிகினு வேல செய்யும்."

"கூடு விட்டுக் கூடு பாயறதுன்னு சொல்லு."

"அதே தான்."

ரகுபதி சிரிக்கவில்லை. அறை வாசலில் கிடந்த பெஞ்சை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பதுக்குள் இருக்கும். மடியில் கையை வைத்துக்கொண்டு வயர்லெஸ் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பச்சையம்மா" என்று ரகுபதி குரலைத் தாழ்த்தினார். "வேலப்பன் கூடப்பொறந்த தங்கச்சி. அது வூட்டுக்காரன் டில்லிபாபு போட் டிரைவரு. கார்த்திகைல அடிச்சுதே புயலு, அதுல போட்டோட பூட்டான். ஒடஞ்ச போட்ட பழவேற்காட்டாண்ட இட்டாந்தாங்க. வயர்லெஸ் செட்டு, இஞ்சினு, ஒண்ணியும் உருப்படியா இல்ல. ஆளுங்க ஒத்தன் கூட கெடைக்கல."

இப்போது சித்திரை. மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் முட்டிக்கொண்டு கட்டிக் கிடந்தன. ஆண்கள் வலை முடைந்துகொண்டும் சீட்டாடிக்கொண்டும் வீட்டில் இருக்கும் ஒரே காலம் இதுதான் என்பதால், டில்லிபாபுவின் கருமாதியை நாளைக்கு முடித்துவிடலாம் என்று பங்காளிகள் நாள் வைத்துவிட்டார்கள். பச்சையம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டு எல்லோர் வாயையும் அடைத்திருந்தாள். புயலில் மாட்டிய மனுஷன் கரையைக் கூப்பிட்டாரா, இல்லையா. அது தெரியாமல் தாலியை எடுக்க மாட்டேன் என்றாள்.

"குடிச்சிட்டு கவுந்தடிச்சி படுத்திருப்பான், எங்க கூப்புடுவான்னு பேசனானுங்க" என்றார் ரகுபதி. "அதுக்கு அதான் பொறுக்கல. அன்னிக்கு டூட்டி வேலப்பனுது தான், மணி அடிச்சா தான் செட்டாண்ட வருவாரு. சொந்தத் தங்கச்சி முன்னாடி கற்பூரத்த அணைச்சி, மணி அடிக்கலன்னு சத்தியம் பண்ணாரு. அதோட அது அண்ணன் மூஞ்சில முழிக்கல. அவரு செத்தப்பக்கூட ஓரமா நின்னுச்சு."

கேட்ட பிறகு கார்குழலிக்கு வாய் கொஞ்சம் அடங்கியது. வேலை மட்டும் இருந்தவரை விளையாட்டாக இருந்தது. இப்போது பெஞ்சிலிருந்து ஒரு ஜோடிக் கண் முதுகில் ஊர்ந்தது.

விர்ச்சுவல் மிஷினைக் கிளப்பினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பழைய மிஷின் எழுந்து உட்கார்ந்து பாஸ்வேர்டு கேட்டது. அதுதான் சுடுகாட்டில் இருக்கிறதே. அந்த வாசல் மூடியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே வழி. பதிவுகளைக் கேட்பதற்கென்று வேலப்பன் எழுதி வைத்த சின்ன புரோகிராம் ஒன்று பக்கத்தில் இருந்த மேசைக் கம்ப்யூட்டரில் ஓடும். பாஸ்வேர்டு அதற்குள்ளேயே புதைந்திருந்தது. அது மட்டும் போய்த் தொட்டுவிட்டால் பழைய மிஷின் எல்லாவற்றையும் திறந்து காட்டிவிடும்.

புரோகிராமைத் தட்டினாள். கொஞ்ச நேரம் சுற்றியது. இணைப்பு கிடைக்கவில்லை என்று பெட்டி விழுந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பெட்டி.

வழக்கமான கோளாறுதான் என்று ஆரம்பித்தாள். விர்ச்சுவல் மிஷின் புது மிஷினின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் வெளியாள் யாருக்கும் தெரியாது. அதை முன்னால் இழுத்து மற்ற கம்ப்யூட்டர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினாள். பலன் இல்லை. பழைய நெட்வொர்க் கார்டின் நம்பரைத் தவிர வேறு எதையும் அது தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாதோ என்று, துருப்பிடித்த கார்டைக் கழற்றித் துடைத்து, அதில் பொறித்திருந்த நம்பரையே புதுசுக்கும் கொடுத்தாள். அதே முகவரியில் வேறு மிஷின் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். யாரும் இல்லை. கேபிளை மாற்றினாள். மாற்றின கேபிளையும் மாற்றினாள். வேப்பிலை அடிக்காத குறைதான்.

கடைசியில், ஆள் உள்ளே இருக்கிறானா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது போல, அந்த முகவரியை வெறுமனே கூப்பிட்டுப் பார்த்தாள். முதல் தரம் பதில் இல்லை. இரண்டாம் தரம் பதில் இல்லை. மூன்றாம் தரம் சட்டென்று பதில் வந்தது.

"ஆள் கீறாருண்ணே" என்றாள். "தூங்கிகினு கீறாரு போல."

கொஞ்சம் விட்டு மறுபடி கூப்பிட்டாள். இரண்டு தரம் மௌனம், மூன்றாவதற்குப் பதில். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கூப்பிட்டாள். அப்போதும் அதுவே. கோளாறு என்றால் ஒரு நேரம் ஒன்று விடும், ஒரு நேரம் நாலு விடும். அதற்கு எண்ணத் தெரியாது. இது எண்ணிக்கொண்டு இருந்தது.

கார்குழலிக்கு முழங்கையில் மயிர் லேசாக எழுந்து நின்றது. மின்விசிறிக் காற்றுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் வியாசர்பாடிக்காரி. வீட்டில் புத்தர் படம் தவிர வேறு படம் கிடையாது. பேய் பிசாசு என்று பேசுகிறவனை அவள் நைனா வாசலோடு அனுப்பிவிடுவார். ஆனால் அதே வீட்டில், விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா வாயைத் திறக்கமாட்டாள். முதல் தரம் பேசாமல் இருப்பாள். இரண்டாம் தரமும் பேசாமல் இருப்பாள். மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் 'யாரது' என்பாள். உயிரோடு இருக்கிறவன் சலிக்காமல் கூப்பிடுவான், செத்தவனுக்கு மூன்றாம் தரம் கூப்பிட வராது என்பது கணக்கு. நைனா தலையில் அடித்துக்கொள்வார். அவரும் அதுவரை எழுந்து போய்க் கதவைத் திறந்ததில்லை.

அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "எக்கா, உங்க அண்ணன் யாரு கூப்ட்டாலும் ஒடனே பதில் சொல்லுவாரா?"

பச்சையம்மா முதல் தடவையாக அவளைப் பார்த்தாள். "சொல்லாது. மூணு தரம் கூப்புடணும். சோறு துன்ன கூப்ட்டாலே மூணு தரம் கூப்புடணும்."

அப்படியானால் இது கோளாறே இல்லை. வேலப்பன் மிஷினை அப்படி வளர்த்திருக்கிறார். முதல் இரண்டு கூப்பாட்டைக் காதில் போட்டுக்கொள்ளாதே, மூன்றாவதுக்குப் பதில் சொல் என்று எழுதி வைத்திருக்கிறார். பழைய மேசைக் கம்ப்யூட்டர் விடாக்கண்டன், கிடைக்கிறவரை தட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் சங்கம் வாங்கிப் போட்ட புதுசு நாகரிகமானது, இரண்டு தரத்தோடு கைகழுவிவிடும். அவ்வளவுதான் விஷயம் என்று ரகுபதிக்கும் சொன்னாள். கார்குழலிக்குச் சிரிப்பு வந்தது. காசிமேட்டு வளர்ப்பு என்று சொல்லிக்கொண்டே, மூன்று தரம் முயலும்படி புரோகிராமை மாற்றித் தட்டினாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"கேக்குது, சொல்லு" என்றார் வேலப்பன்.

பச்சையம்மா எழுந்து நின்றுவிட்டாள். பதிந்து வைத்த குரல்தான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"எல்லாத்துக்குமா அப்டி வெச்சிருந்தாரு?" என்று ரகுபதி கேட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது. "கம்ப்யூட்டர் கூப்ட்டா மட்டும் தானா, போட்டு கூப்ட்டாலுமா?"

"கூப்புடறது யாருன்னு அதுக்குத் தெரியாதுண்ணே. எல்லாருக்கும் ஒரே சட்டம் தான்."

ரகுபதி நாற்காலியில் உட்கார்ந்தார். வேலப்பனுக்கு முன்னால் இந்த அறையில் லட்சுமணன் என்றொருவர் இருந்தாராம். முழுகிப்போன படகு ஒன்றின் பேரைச் சொல்லிப் பட்டப்பகலில் குரல் வந்திருக்கிறது. இளகின மனசுக்காரர், முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிவிட்டார். மைக்கை வைத்துவிட்டு, தோ வந்துட்டேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு கல் கொட்டின கரைமேல் நடந்து போனதைச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வேலைக்கு வந்த வேலப்பன், இந்த அறையில் இனி மூன்று தரம் கூப்பிட்டால்தான் பதில் என்று சொல்லிவிட்டார்.

"கப்பல்லயும் அதான் சட்டம்னாரு" என்றார் ரகுபதி. "ஆபத்துன்னா மூணு தரம் சொல்லணுமாம். அதனால நாங்களும் சரின்னு வுட்டோம். மிஷினுக்கும் அதயே எழுதி வெப்பாருன்னு யாரு கண்டா."

பச்சையம்மா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த நாளு இருக்குதா பாரு பாப்பா."

இருந்தது. புயல் நாளின் பக்கத்தில் டில்லிபாபுவின் படகு பேர் இருந்தது. கூப்பாடு ஒன்று. கூப்பாடு இரண்டு. மூன்று என்ற இடம் காலி. மணி அடிக்கவில்லை என்று ஓரத்தில் குறித்திருந்தது. அன்று சாயங்காலமே யாரோ அதைத் திறந்து கேட்டதற்கான அடையாளமும் இருந்தது. இந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவர் ஒருவர்தான்.

கார்குழலி பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் தலையை அசைத்ததும் ஓடவிட்டாள். காற்றின் ஊளை. அதற்கு நடுவே ஒரு ஆண் குரல், தெளிவாக, குடிக்காத குரல்: "காசிமேடு. டில்லி பேசறேன், காசிமேடு." பிறகு இன்னொரு தரம், மூச்சு வாங்க, "காசிமேடு." அப்புறம் தண்ணீர்ச் சத்தம்.

"கூப்ட்டாரு" என்றாள் பச்சையம்மா.

கார்குழலி பதிவை நிறுத்தினாள்.

"மணி அடிக்கலன்னு தான் எங்க அண்ணன் சத்தியம் பண்ணாரு. கூப்புடலன்னு சொல்லல. நானும் அப்டி கேக்கல." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. அண்ணன் எதைக் கேட்டுவிட்டுச் செத்தார் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. கார்குழலிக்குத் தன் வாழ்நாளில் ஒரு மிஷினை எழுப்பியதற்காக இப்படி வருத்தமாக இருந்ததில்லை.

பக்கத்தை மூடப் போனவள் கை அப்படியே நின்றது. பட்டியல் புயலோடு முடியவில்லை. புயலுக்கு மறுநாள் அதே படகு பேர். அதற்கு மறுநாள். உடைந்த கட்டைகளைப் பழவேற்காட்டிலிருந்து இழுத்து வந்த பிறகும். பழைய பெட்டி படுக்கிறவரை ஒவ்வொரு பகலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூப்பாடு ஒன்று, கூப்பாடு இரண்டு. மூன்று எங்கேயும் இல்லை.

"மூடிடும்மா" என்றார் ரகுபதி. "போதும், மூடிடு."

கார்குழலி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நல்ல வெயில். படகுகள் கட்டிக் கிடந்தன. தடைக்காலத்தில் பேட்டரியையும் செட்டையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். கடலில் ஒரு படகு கிடையாது. வலை முடைகிறவர்கள் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"காசிமேடு" என்றது குரல். "டில்லி பேசறேன்."

பதிவு ஓடவில்லை. கார்குழலி இரண்டு தரம் பார்த்துவிட்டாள், எதுவும் ஓடவில்லை. திரையில் புதுசாக ஒரு வரி ஏறியிருந்தது. கூப்பாடு ஒன்று. விர்ச்சுவல் மிஷின் தன் புது உடம்புக்குள் உட்கார்ந்து, பழைய எஜமான் சொல்லிக் கொடுத்தபடி, அசையாமல் காத்திருந்தது.

"காசிமேடு."

கூப்பாடு இரண்டு.

அணைத்துவிடலாம். ஒரே தட்டு, எல்லாம் நின்றுவிடும். கை மவுஸின் மேல் இருந்தது. நைனா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது, ஒன்றும் உதவிக்கு வரவில்லை. மூன்றாவது வந்துவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தமாகிவிடுமே என்று, பேய் நம்பாத வீட்டுப் பெண், அந்த மூன்றாவது கூப்பாட்டுக்காக மனதுக்குள் கெஞ்சினாள். செட் இரைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வரவில்லை.

பச்சையம்மா கையை நீட்டி மைக்கை எடுத்தாள்.

"வோணாம்மா" என்று ரகுபதி எழுந்தார். "லட்சுமணன் கத தெரியுமில்ல. சொல்றத கேளு, வோணாம்."

"மூணாவது தரம் கூப்புட மூச்சு இல்லாத மனுஷன், அண்ணே. எத்தினி நாளு வெளிய நிக்க வெப்பீங்க?"

மைக்கின் பொத்தானை அழுத்தினாள். "சொல்லு. இங்க தான் கீறேன்."

இரைச்சல் சட்டென்று அடங்கியது. பிறகு மிகப் பக்கத்தில், இந்த அறையிலேயே நின்று பேசுவது போல:

"எம்மா நேரமா கூப்ட்டுகினு கீறேன். எங்க பூட்ட நீ?"

அது சலித்துக்கொண்ட புருஷன் குரல். பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலிருந்து தண்ணீரும் அப்போதுதான் வந்தது. "எங்கியும் போவல. இங்கியே தான் குந்திகினு கீறேன். எங்க அண்ணன் தான் கதவ சாத்தி வெச்சிட்டாரு."

"தெரியும். இங்க தான் கீறாரு. ஒண்ணும் பேச மாட்டன்றாரு."



"நாளிக்கு காரியம் வெச்சிகீறாங்க" என்றாள் பச்சையம்மா. "தாலிய எடுக்கணுமாம்." அவள் குரல் சின்னதாகிவிட்டது. "நான் அங்க வந்துரட்டா?"

கார்குழலி யோசிக்காமல் பாய்ந்து அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. பச்சையம்மா விடுவித்துக்கொள்ளவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. செட் மட்டும் மெதுவாக இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் வேறு குரல்கள் இருந்தன. ஆண் குரல்கள், நிறைய, ஒன்றன்மேல் ஒன்றாக, எந்தெந்த ஊர்ப் பேரையோ வீட்டுப் பேரையோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"வராத" என்றான் டில்லிபாபு. "இங்க எடமில்ல பச்ச. ஆளுங்க ஜாஸ்தி."

"சரி."

"அண்ணனாண்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

பச்சையம்மா வெகுநேரம் யோசித்தாள். "கோவம் இல்லன்னு சொல்லு."

விளக்கு அணைந்தது. அவள் மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். கார்குழலியின் பிடியை மெதுவாக விலக்கினாள். முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பெஞ்சுக்கடியில் விட்டிருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நாளிக்கு வெச்சிக்கலாம்னு சொல்லிடுண்ணே. நான் வரேன்."

வெளியே இறங்கினாள். ரகுபதியும் கார்குழலியும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அவள் கடல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கட்டிக் கிடந்த படகுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருப் பக்கமாக நடந்து போனாள்.